பந்தைக் கீழே விட்டது யார்?

1909-ஆம் வருஷம் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாலை ஐந்தே கால் மணிக்கு, தேக்கா வட்டாரத்து மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் நான்கு பேர் காலும் களவுமாகப் பிடிபட்டார்கள்.

ஆமாம், கால்தான். கையை அவர்கள் உபயோகிக்கவே இல்லை. பிரம்பால் முடைந்த பந்து ஒன்றை, வட்டமாக நின்று, காலால், முழங்காலால், சமயத்தில் நெற்றியால் ஒருவருக்கொருவர் தட்டிக் கொடுத்துத் தரையில் விழாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் இதற்கு ராகா என்று பேர் வைத்திருந்தார்கள்.

பிடித்தவர் தனசேகரன். கழுத்தில் டை. கையில் நோட்டுப் புத்தகம். காதில் பென்சில். ‘சிரங்கூன் ரோடு தமிழர் தேகப்பயிற்சி மற்றும் பந்தய விளையாட்டு அபிவிருத்திச் சங்க’த்தின் காரியதரிசி. சங்கத்துக்கு வயது நான்கு மாதம். அதற்குள் ஒரு தலைவர், ஐந்து உபதலைவர்கள், ஒரு பொக்கிஷதார், ஒரு கொடி, ஒரு ரப்பர் முத்திரை, ஆண்டு விழாவுக்கென்று ஓர் ஆர்மோனியம் எல்லாம் சேர்ந்துவிட்டன. விளையாடுகிற ஆள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

“யாரும் அசையக் கூடாது!” என்று கத்தினார் தனசேகரன்.

நால்வரும் அசையவில்லை. பந்து மட்டும் உத்தரவை மீறி மாட்டுவண்டிக்கார செல்லக்கண்ணுவின் தலையில் விழுந்து உருண்டது.

“இங்கே என்ன நடக்கிறது?”

“விளையாடறோங்க,” என்றான் செல்லக்கண்ணு.

“யார் ஜெயிக்கிறது?”

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குளிக்கப் போனவர்களிடம் ‘குளித்ததில் யார் முதல்?’ என்று கேட்டதுபோல் இருந்தது.

“யாரும் ஜெயிக்கலேங்க. சும்மா விளையாடறோம்.”

தனசேகரனின் பென்சில் முனை ஒடிந்தது.

“சும்மாவா? இந்த இடம் முந்தாநாள் முதல் எங்கள் சங்கத்தின் மைதானம், தெரியுமா? சர்க்கார் கொடுத்திருக்கிறது. இதில் போட்டி நடக்கலாம். பந்தயம் நடக்கலாம். சும்மா மட்டும் நடக்கக் கூடாது!”

செல்லக்கண்ணு பந்தைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். விடியற்காலை தொடங்கி மாலை நாலு மணிவரை துறைமுகத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருகிறவன் அவன். நாள் முழுக்க மாட்டோடு பேசுகிறவனுக்கு மனுஷரோடு பேசக் கிடைத்தது இந்த ஒரு மணி நேரம்தான். வெற்றிலைக்கடை ரவூப் பாய், டோபி காட் துறையில் துணி வெளுக்கும் முத்துசாமி அண்ணன், குதிரைவண்டி ஓட்டும் யூசோப். இந்த மூன்று பேரோடு மூன்று வருஷமாக அவன் இந்தப் புல்லில்தான் நின்று வருகிறான். தேக்காவில் வேறு புல்வெளி கிடையாது. இருக்கிற மற்றதெல்லாம் எருமைக்குச் சொந்தம்.

“அப்ப நாங்க எங்கதான் விளையாடறது சார்?”

“போட்டியாளராகப் பதிவு செய்துகொண்டு இங்கேயே விளையாடலாம். நாளை மாலை ஆறு மணிக்குச் சங்கத்துக்கு வாருங்கள். குளித்துவிட்டு வாருங்கள்.”

“நான் குளிக்காம இருந்த நேரம் ஏதுங்க?” என்றார் பகலெல்லாம் முழங்கால் தண்ணீரில் நிற்கும் முத்துசாமி.

*

சங்கம் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்தது. மேலே ஏறியதும் மிளகாய் நெடியில் நால்வரும் தும்மினார்கள். அதை வணக்கமாக எடுத்துக்கொண்டு தலைவர் பாலகிருஷ்ணன் எழுந்தார். கப்பல் கம்பெனி ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருக்கிறவர். அவருக்கு முன்னால் அவர் வயிறு எழுந்தது.

“நண்பர்களே! விளையாட்டு என்பது விளையாட்டுக் காரியம் அல்ல. நான் ஐந்து வயதுக்குமேல் ஓடியதில்லை. ஒரே ஒருமுறை டிராம் வண்டியைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. கௌரவத்தைக் கருதி அடுத்த டிராமில் போனேன். ஆகவே, ஓடுகிறவர்களைப் பற்றி விருப்பு வெறுப்பின்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் இந்தத் தீவில் இல்லை!”

உபதலைவர்கள் ஐவரும் கைதட்டினார்கள்.

“பொழுதுபோக்குக்காக விளையாடுகிறவன் தனக்காக விளையாடுகிறான். அது சுயநலம். போட்டிக்காக விளையாடுகிறவன் சங்கத்துக்காக விளையாடுகிறான். அவன் கால் உடைந்தால், உடைந்தது சங்கத்தின் கால்! அதற்கான அனுதாபத் தீர்மானத்தை இப்போதே எழுதி ஐவரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். பெயரும் தேதியும்தான் பாக்கி.”

“எந்தக் காலுன்னு கேளு செல்லம்,” என்று ரவூப் பாய் காதோரம் முணுமுணுத்தார்.

பிறகு தனசேகரன் விதிகளை வாசித்தார். ஆறு வாரம் கழித்து நிலத்தைக் கொடுத்த துரையின் முன்னிலையில் ராகாப் போட்டி. பந்தைக் கீழே விடுகிறவர் வெளியேற வேண்டும். கடைசிவரை மிஞ்சி நிற்கிறவர் சாம்பியன். சாம்பியன் யாரென்று தெரியும்வரை நால்வரும் மைதானத்தில் பயிற்சி செய்யலாம். தெரிந்த மறுநாள் வேலி. அதன்பின் உள்ளே போகும் உரிமை சாம்பியன் ஒருவருக்கே.

“மத்தவங்க?” என்று கேட்டான் செல்லக்கண்ணு.

“வேலிக்கு வெளியே நின்று ஊக்கம் பெறலாம்.”

“போட்டியே வேணாங்கன்னு சொன்னா?”

“நாளைக்கே வேலி.”

விண்ணப்பத் தாள்கள் வந்தன. பெயர், வயது, எடை. நான்காவது கட்டத்தில் ‘விரோதி யார்?’ என்றிருந்தது. விரோதி இல்லாமல் போட்டி எப்படி என்று கேட்டார் தனசேகரன். முத்துசாமி வெகுநேரம் யோசித்து ‘மழை’ என்றார். ரவூப் பாய் ‘வெற்றிலைப் பூச்சி’ என்றார். யூசோப் தன் குதிரையின் பெயரைச் சொன்னார். செல்லக்கண்ணுவின் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

“ஒரு விரோதிகூடவா இல்லை?”

“ஒருத்தன் இருந்தாங்க. போன வருஷம் ஊருக்குப் போயிட்டான்.”

“திரும்பி வந்ததும் சங்கத்துக்குத் தகவல் கொடுங்கள். அதுவரை இந்த மூன்று பேரைத் தற்காலிக விரோதிகளாகப் போட்டிருக்கிறேன். மற்ற மூன்று தாள்களிலும் அப்படியே திருத்திவிட்டேன்.”

ரப்பர் முத்திரை விழுந்தது. ஒரே விநாடியில் நான்கு சிநேகிதர்கள் பன்னிரண்டு விரோதிகளாக மாடிப்படி இறங்கினார்கள்.

*

பயிற்சி கொடுக்க மூன்றாம் உபதலைவர் வந்து சேர்ந்தார். அவர் குத்துச்சண்டை பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அதில் பாதி கரையானுக்குப் போயிருந்தது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு அவர் ராகா சொல்லிக்கொடுத்தார்.

முதல் விதி: ஆடும்போது சிரிக்கக் கூடாது. இரண்டாவது: ஆட்டம் முடிந்ததும் சேர்ந்து உட்காரக் கூடாது. மூன்றாவது: தினம் பத்து நிமிஷம் விரோதியின் கண்ணை முறைத்துப் பார்க்க வேண்டும். முறைத்ததில் யூசோப் தூங்கிப்போனார். முத்துசாமியின் கண்ணில் சவுக்காரம் இருந்ததால் பொலபொலவென்று நீர் வழிந்தது. எதிரில் நின்ற ரவூப் பாய் பதறிப்போய், அவரோடு சேர்ந்து உட்கார்ந்து தோளில் தட்டிக் கொடுத்து, இரண்டு விதிகளை ஒரே சமயத்தில் மீறினார்.

மளிகைக் கடைத் தராசில் எடை பார்த்தார்கள். தேகம் முறுக்கேற தினம் பன்னிரண்டு பச்சை முட்டை என்று தீர்மானம் போட்டார்கள். முட்டை நல்லதுதானா என்று முதல் உபதலைவர் தினமும் சோதித்துப் பார்த்ததில், போட்டியாளர்களுக்கு ஓடு வந்து சேர்ந்தது.

ஒரு நாள் தனசேகரன் செல்லக்கண்ணுவைத் தனியே அழைத்தார். “விரோதிகளின் பலவீனங்களைச் சொல்லுங்கள். ரகசியமாகக் குறித்துக்கொள்கிறேன். முத்துசாமி?”

“அவருக்கு இடது முழங்கால் மடங்காதுங்க. தண்ணியில நின்னு நின்னு வாதம்.”

“பிரமாதம்! இடது பக்கமாகவே அடித்து ஆளைக் கவிழ்த்துவிடலாம்!”

செல்லக்கண்ணு விழித்தான். “அதனாலதாங்க மூணு வருஷமா அவருக்கு வலது பக்கமாவே தட்டிக் கொடுத்துக்கிட்டு இருக்கோம்.”

தனசேகரன் எழுதினார்: ‘போட்டியாளர் விஷயம் தெரிந்தவர். உபயோகிக்கத் தெரியாதவர்.’

நான்காவது வாரம் ஒத்திகைப் போட்டி. துரை உட்காரப்போகும் நாற்காலியில் தலைவர் பரீட்சார்த்தமாக உட்காரப் போனார். உட்கார்ந்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. மூவரும் வெளியே. உள்ளே செல்லக்கண்ணு மட்டும். யூசோப்பின் தலைக்கு மேலே ஒன்று, ரவூப் பாயின் முதுகுப் பக்கம் ஒன்று, முத்துசாமியின் இடது முழங்காலுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

உண்மையை மறைப்பானேன்? செல்லக்கண்ணுவுக்கு அது பிடித்திருந்தது. இதற்கு முன் எட்டாத உயரத்துக்கு அன்று அவன் கால் போயிற்று. ஒரு மனிதனுக்குத் தன் காலுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று முப்பத்தொரு வயதில் தெரியவந்தால் மார்பு நிமிரத்தான் செய்யும். அன்று அவன் வண்டியில் ஏறாமல், மாட்டோடு சரிசமமாக, சிரங்கூன் ரோட்டின் நடுவே நடந்து போனான். பின்னால் வந்த டிராம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவனுக்கென்னவோ அது பாராட்டாகவே கேட்டது.

மறுநாள் யூசோப் வரவில்லை. முத்துசாமி நொண்டிக்கொண்டே வந்து, நொண்டிக்கொண்டே போனார். எப்போதும் ஆட்டம் முடிந்ததும் ரவூப் பாய் மடியிலிருந்து நான்கு வெற்றிலைச் சுருள் எடுப்பார். அன்று ஒன்றுதான் எடுத்தார். அதைத் தானே போட்டுக்கொண்டு, “வர்றேன் சாம்பியன்,” என்று கிளம்பிவிட்டார்.

செல்லக்கண்ணுவின் மனைவி பூவம்மா டிராம் நிற்குமிடத்தில் அப்பம் சுட்டு விற்கிறவள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, விளையாடப் போனீங்களா, எழவுக்குப் போனீங்களா?”

“நான் ஜெயிச்சுட்டேன் புள்ள. சாம்பியன் நான்தான்னு எல்லாரும் சொல்றாங்க.”

“ஜெயிச்சா?”

“மைதானம் எனக்குத்தான். வேலி போட்டு, எனக்கு மட்டும்.”

“ரொம்ப சந்தோஷம். வேலிக்குள்ள ஒண்டியா நின்னுக்கிட்டு பந்தை யாருக்குத் தட்டுவீங்க? எருமைக்கா?”

செல்லக்கண்ணு சூடான அப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அது ஆறும்வரை அப்படியே நின்றான்.

*

போட்டி நாள். நாற்பது நாற்காலி, தோரணம், ஆர்மோனியம், சாம்பியனுக்கு ஒரு கோப்பை. கயிறு கட்டிய மைதானத்தைச் சுற்றி தேக்காவே திரண்டு நின்றது. துரை மூன்றரை மணிக்கே வந்துவிட்டார். சொற்பொழிவுகள் ஐந்து மணிவரை நடந்தன. ‘விளையாட்டும் ஒழுக்கமும்’ என்று முதல் உபதலைவர் பேசினார். ‘ஒழுக்கமும் விளையாட்டும்’ என்று இரண்டாம் உபதலைவர் பேசினார். துரைக்குத் தமிழ் தெரியாது என்பதால் அவர் ஒருவர்தான் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

ஐந்தே காலுக்குத் தனசேகரன் விசில் ஊதினார்.

யூசோப் பந்தை உயர எழுப்பினார். அது வளைந்து செல்லக்கண்ணுவிடம் இறங்கியது. எதிரே முத்துசாமி. அவரது இடது முழங்கால் துணி சுற்றி வீங்கியிருந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்தப் போட்டியாளனுக்கும் வாய்க்காது.

“இடது! இடது!” என்று கயிற்றோரம் குதித்தார் மூன்றாம் உபதலைவர்.

செல்லக்கண்ணுவின் கால் உயர்ந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது.

பந்து, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல், முத்துசாமியின் வலது பாதத்தில் போய் இறங்கியது.

முத்துசாமி ஒரு கணம் அவனைப் பார்த்தார். “அடப்பாவி!” என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தை மெல்ல ரவூப் பாய்க்குத் தட்டினார்.

“என்னலா, சண்டை முடிஞ்சுதா?” என்று மலாய் இழுப்பில் கேட்டார் யூசோப்.

“பேசாம ஆடு யூசோப், சார் முறைக்கிறாரு,” என்றான் செல்லக்கண்ணு.

“முறைக்கத்தானே நமக்கும் சொல்லிக் குடுத்தாங்க!” என்றார் ரவூப் பாய்.

நூறு தட்டு. கூட்டம் எண்ண ஆரம்பித்தது. இருநூறு. முந்நூறில் துரை நாற்காலியின் நுனிக்கு வந்தார். நானூறில் “பகூஸ்! பகூஸ்!” என்று மலாயில் சபாஷ் போட்டார். பூவம்மா அப்பச் சட்டியை அடுப்போடு கொண்டுவந்து கயிற்றோரம் இறக்கிவிட்டாள்.

ஐந்நூறில் சங்கத்துக்கு வியர்த்தது.

“யாராவது ஒருவர் பந்தைக் கீழே விடுங்கள்!” என்று கெஞ்சினார் தனசேகரன்.

“கையில இருந்தா விட்டுடலாம் சார். கால்ல இருக்கே!” என்றார் ரவூப் பாய்.

தலைவர் எழுந்தார். “நண்பர்களே! ஜெயிக்க எல்லாராலும் முடியும். தோற்பதற்குத்தான் தியாகம் வேண்டும். சங்கத்தின் பொருட்டு மூன்று பேர் பெரிய மனது பண்ணித் தோற்க வேண்டும் என்று உத்தரவிடுகிறேன்!”

அறுநூறு.

மூன்றாம் உபதலைவர் தன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இதற்கான அத்தியாயம் கரையான் தின்ற பாதியில் இருந்திருக்க வேண்டும்.

எழுநூறு தாண்டியபோது சூரியன் கொட்டகைகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பந்து எங்கே, நிழல் எங்கே என்று தெரியவில்லை. எழுநூற்று நாற்பத்து மூன்றாவது தட்டில் நால்வரும் ஒரே சமயத்தில் காலை நீட்டினார்கள்.

தொப்.

பந்து புல்லில் கிடந்தது. கூட்டம் எண்ணுவதை நிறுத்தியது.

“யார்?” தனசேகரன் விசிலைக் கீழே போட்டார். “பந்தைக் கீழே விட்டது யார்?”

நால்வரும் பந்தைப் பார்த்தார்கள். தனசேகரன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினார். பந்திலிருந்து ஒவ்வொருவர் கால் வரைக்கும் அளந்தார். நான்கு தடவையும் மூன்றடி சொச்சம். லாந்தர் கொண்டுவரச் சொல்லி, நால்வரின் கட்டைவிரலையும் குனிந்து பரிசோதித்தார். நாலு விரலிலும் புல் ஒட்டியிருந்தது.

“உண்மையைச் சொல்லிவிடுங்கள்!”

செல்லக்கண்ணு கயிற்றுக்கு வெளியே ஒருமுறை பார்த்தான். நாளைக்கு வேலி நிற்கப்போகிற இடம் அது. பிறகு முன்னால் வந்தான்.

“நான்தாங்க விட்டேன்.”

“அப்பாடா!” என்றார் தலைவர். “செல்லக்கண்ணு வெளியே!”

செல்லக்கண்ணு கயிற்றைத் தாண்டி வெளியே போனான்.

“அவன் எங்க விட்டான்?” என்று முத்துசாமி குறுக்கிட்டார். “என்னோட மடங்காத காலாலதான் விழுந்துச்சு. ஊருக்கே தெரியும். நான்தான் விட்டேன்.” அவரும் கயிற்றைத் தாண்டினார்.

“ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க சார்,” என்றார் ரவூப் பாய். “என் கடை மேல சத்தியமா நான்தான். பத்து பேரைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்லவா?” அவரும் தாண்டினார்.

இப்போது உள்ளே நின்றது யூசோப் மட்டும். தலைவரின் முகம் மலர்ந்தது. கோப்பையைத் தூக்கிவிட்டார்.

“சாம்பியன் யூ…”

“நான்லா!” என்று அலறினார் யூசோப். “தூவான்! சார்! நான்தான் விட்டேன்! இந்தக் காலு!” காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஒற்றைக் காலில் குதித்துக் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார்.

மைதானத்தில் ஒருவரும் இல்லை. சத்தம் கேட்டு வந்த ஓர் எருமை மட்டும் கயிற்றுக்குள் புகுந்து பந்தை முகர்ந்து பார்த்தது. விதிப்படி கடைசியாக மிஞ்சி நிற்பது அதுதான் என்று ஐந்தாம் உபதலைவர் எடுத்துக் காட்டினார். அது சந்தா கட்டிய அங்கத்தினர் இல்லை என்று பொக்கிஷதார் ஆட்சேபித்தார். வாக்கெடுப்பு நடந்தது. எருமை ஒரு வாக்கில் தோற்றது.

தனசேகரன் தலையைக் குனிந்தபடி துரையிடம் நடந்ததை இங்கிலீஷில் விளக்கினார். துரை தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று சங்கம் பயந்தது. சிரித்து முடித்ததும் அவர் சங்கத்தின் விதிப் புத்தகத்து இங்கிலீஷ் பிரதியைக் கேட்டு வாங்கி, லாந்தர் வெளிச்சத்தில் ஒரு வரியை விரலால் காட்டினார். சாம்பியன் யாரென்று தெரியும்வரை மைதானம் போட்டியாளர்கள் நால்வருக்கும். தெரிந்த மறுநாள்தான் வேலி.

“தெரிந்ததும் எனக்கு ஆள் அனுப்புங்கள்,” என்று சொல்லிவிட்டுக் குதிரைவண்டி ஏறினார். ஏறுவதற்குமுன் நான்கு அப்பம் வாங்கிக்கொண்டார்.

தலைவர் பாலகிருஷ்ணன் தளர்ந்துவிடவில்லை. தளர்கிறவர்தான் உட்கார நாற்காலி தேட வேண்டும். அவர் ஏற்கெனவே ஒன்றில் உட்கார்ந்திருந்தார். “நண்பர்களே!” என்றார். “முடிவு தெரியும்வரை நாளை முதல் தினமும் மாலை ஐந்தே காலுக்கு மறுபோட்டி! காரியதரிசி தவறாமல் நேரில் வந்து பதிவு செய்வார்!”

“தினமுமா சார்?” என்று பவ்யமாகக் கேட்டான் செல்லக்கண்ணு.

“தினமும்! தப்பிக்க முடியாது!”

“என்ன செய்யறது, வந்துதானே ஆகணும்,” என்று பெருமூச்சு விட்டார் ரவூப் பாய். அவர் கை அதற்குள் மடியில் வெற்றிலையைத் தேடிக்கொண்டிருந்தது.

தனசேகரன் கடமை தவறாதவர். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மழை வந்தால் குடையோடு வந்தார். சங்கத்தின் பதிவுப் புத்தகத்தில் அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்:

‘நாள் 1. தட்டுகள் 743. தோற்றவர்கள்: நால்வர். ஜெயித்தவர்: கிடைக்கவில்லை. தேடுதல் நடக்கிறது.’

‘நாள் 2. தட்டுகள் 318. தோற்றவர்கள்: நால்வர். ஜெயித்தவர்: கிடைக்கவில்லை.’

‘நாள் 57. எருமை குறுக்கிட்டது. தோற்றவர்கள்: நால்வர்.’

இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது. நூற்றுப் பதினெட்டாம் நாள் குறிப்பில் மட்டும் எழுத்து கொஞ்சம் கோணலாக, மூச்சு வாங்கிக்கொண்டே எழுதியதுபோல் இருக்கிறது. ஓரத்தில் வெற்றிலைச் சாறு ஒரு சொட்டு.

‘நாள் 118. தட்டுகள் 9. டை இடையூறாக இருக்கிறது. தோற்றவர்கள்: ஐவர்.’